ஒரு குளம் போதுமா?

உயிலங்குளத்து இளைஞர் சிலர், முன்னாளில் எம்மிடம் கல்வி பயின்றவர்கள், சென்ற மாதம் எமக்கு ஒரு மடல் விடுத்திருந்தனர். ஊரிலும் அயலிலும் கிடக்கும் பழைய பாடசாலை மலர்கள், சனசமூக நிலையக் கூட்டக் குறிப்புகள், கோயிற் கும்பாபிடேக மலர்கள், தேவாலயத் திருவிழாப் பிரசுரங்கள், கமக்காரர் அமைப்புகளின் கணக்கேடுகள், முதியோர் பாடும் அருவிவெட்டுப் பாடல்களின் ஒலிப்பதிவுகள் ஆகியவற்றை ஒருங்கு திரட்டிக் கணினியிற் பதிந்து, கட்டற்ற மென்பொருளின் துணைகொண்டு யாவரும் பார்க்க வைப்பது அவர்தம் எண்ணம். பணம் சேர்ப்போர் சிலர், படம் பிடிப்போர் சிலர், மென்பொருளைச் செப்பனிட வல்லார் இருவர் என ஆட்களும் அமைந்துவிட்டனர். மடலின் முடிவில் ஒரு கேள்வி: "இதற்கு எவ்வளவு பெரிய சேர்வர் எடுக்கவேண்டும், ஐயா?"

நல்ல கேள்விதான். ஆயினும் நாலாவதாகக் கேட்கவேண்டியதை அவர்கள் முதலாவதாகக் கேட்டுவிட்டனர் என்றே எமக்குத் தோன்றிற்று. இப்பகுதியை வாசிக்கும் குடும்பங்களில் இத்தகைய முயற்சியில் இறங்கிய பிள்ளைகள் இருக்கக்கூடும். தாமே இறங்கிய பெரியோரும் இருக்கக்கூடும். ஆதலின் விடையை இங்கேயே எழுதுகின்றோம்.

சேர்வர் என்பதைத் தமிழில் வழங்கி என்பர். பொருத்தமான பெயர். எமது வீட்டுக் கணினியைப் போன்றதொரு கணினியே அதுவும். ஆனால் இரவு பகல் உறங்காது விழித்திருந்து, கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்து வழங்குவது. கட்டற்ற மென்பொருள் என்பது, எவரும் பயன்படுத்தவும், உள்ளே திறந்து பார்த்துக் கற்கவும், திருத்தவும், பிறர்க்குக் கொடுக்கவும் உரிமையளிக்கும் மென்பொருள். அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்ரோல்மன் 1983ஆம் ஆண்டில் இக்கொள்கையை முன்வைத்துப் பணி தொடங்கினார். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி அவ்வகையினது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி இலவசமாக வழங்குவதற்கென 2005ஆம் ஆண்டிலே தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்னும் இணையத்தளமும் அம்மென்பொருளின் மீதே எழுந்தது. இன்று அங்கே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன.

மென்பொருளுக்கு விலையில்லை. ஆனால் அதனைத் தாங்கும் இயந்திரத்துக்கு விலை உண்டு. அது நிற்கும் இடத்துக்கு வாடகை உண்டு. மின்சாரத்துக்குக் கட்டணம் உண்டு. பழுதுபார்ப்பவருக்கு நேரமும் உறக்கமும் போகும். ஊர் கூடி இழுக்கும் தேருக்கும் அச்சு முறிந்தால் ஆசாரியாருக்குக் கூலி கொடுக்கத்தானே வேண்டும்?

இனிக் கணக்குக்கு வருவோம். உயிலங்குளத்தாருக்கு நாம் கணக்குச் சொல்லிக்கொடுப்பது வேடிக்கையே. கட்டுக்கரைக் குளத்தின் நீரை நம்பி வாழும் மக்களுக்குத் திட்டமிடல் புதிதன்று. தாதுசேன மன்னன் காலத்ததென்று சொல்லப்படும் அப்பெருங்குளம் மழையாலும், தேக்கம் அணையில் அருவி ஆற்றிலிருந்து திருப்பப்படும் நீராலும் நிரம்புகின்றது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. அரசாங்க அதிபரும் நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும் கமக்காரரும் ஒருங்கிருந்து, குளத்தில் இத்தனை அடி நீர் உண்டு, ஆகவே இத்தனை ஏக்கர் விதைக்கலாம், இன்ன நாளில் துருசு திறக்கப்படும் என்று முடிவு செய்கின்றனர். நீர் குறைந்த ஆண்டிலே சிறுபோகத்துக்கு ஒரு பகுதி வயலே ஒதுக்கப்படுகின்றது. துருசின் அகலம் எவ்வளவு என்று எவரும் முதலிற் கேட்பதில்லை. நீர் எவ்வளவு, வயல் எவ்வளவு என்பதே முதற் கேள்வி.

எமது இளைஞர்களின் நீர் எவ்வளவு? சிறு புத்தகத்தின் ஒரு பக்கம், ஏ5 என்னும் அளவினது, 148 மில்லிமீற்றர் அகலமும் 210 மில்லிமீற்றர் உயரமும் உடையது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நுணுக்கத்தில் அதனை வண்ணத்திற் பதிந்தால் ஏறத்தாழ 43 இலட்சம் புள்ளிகள் வரும். புள்ளிக்கு மூன்று பைற் வீதம், சுருக்காமல் வைத்தால், பக்கமொன்றுக்கு 13 மெகாபைற். நூறு பக்கமுள்ள ஒரு மலருக்கு 1.3 கிகாபைற். ஆயிரம் மலர்கள் கிடைப்பதாகக் கொண்டால் 1.3 டெராபைற். இது மூலப்படி.

ஆனால் மலரை வாசிக்க விரும்பும் ஒருவருக்கு மூலப்படி வேண்டுவதில்லை. தொலைபேசியிற் பார்ப்பதற்கு ஏற்பச் சுருக்கிய படி மலரொன்றுக்கு 10 மெகாபைற் போதும். ஆயிரம் மலருக்கும் 10 கிகாபைற். அதையும்விட எளியது தட்டெழுதிய பாடம். பக்கத்துக்கு ஆயிரம் எழுத்து, எழுத்துக்கு ஐந்து பைற் என்று தாராளமாகவே கொண்டாலும் நூறு பக்க மலர் அரை மெகாபைற். ஆயிரம் மலரும் ஒரேயொரு பழைய குறுந்தட்டினுள் அடங்கிவிடும். சுவிற்சர்லாந்திலிருந்த கலாநிதி கல்யாணசுந்தரமும் அவருடன் சேர்ந்தோரும் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதியே சேர்த்தனர். அன்றைய மந்தமான தொலைபேசி இணைப்புக்கு அதுவே தக்க வழி. படமாகச் சேர்ப்பதற்கோ வேறொரு நன்மை உண்டு: கையெழுத்தும், முத்திரையும், கறையும், விளம்பரமும்கூட அப்படியே நிற்கும். ஊர் வரலாறு எழுதுபவனுக்கு மலரின் பின்னட்டையிலுள்ள கடை விளம்பரம் முன்னுரையைவிடப் பயன்படும் சந்தர்ப்பங்கள் உண்டு.

கமக்காரன் விதைநெல்லை வேறாகவும் உண்ணும் நெல்லை வேறாகவும் வைப்பான். விதைநெல் முற்றத்துச் சாக்கிற் கிடப்பதில்லை. அதனை நாளும் எவரும் அளப்பதுமில்லை. மூலப்படி விதைநெல். வாசிப்புப்படி உண்ணும் நெல். இவ்விரண்டையும் ஒரே இயந்திரத்தில் வைக்கவேண்டும் என்று எண்ணுவதனாலேயே பெரிய வழங்கி வேண்டும் என்ற மயக்கம் பிறக்கின்றது. உண்மையில் உலகோர்முன் விழித்திருக்கவேண்டிய இயந்திரத்தில் 10 கிகாபைற் சரக்கும் அதனைத் தேடித்தரும் மென்பொருளும் இருந்தாற் போதும். வாடகைக்குக் கிடைக்கும் இயந்திரங்களுள் மிகச் சிறியதே அதற்கு அமையும். 1.3 டெராபைற் மூலப்படியோ கடையில் வாங்கும் 2 டெராபைற் வன்தட்டு ஒன்றினுள் அடங்கும். ஆகவே எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு விடை, மிகச் சிறியது என்பதே. மிஞ்சும் பணத்தை எங்கே செலவிடுவது என்பதைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை எமது தலைமுறையார்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுட் பல வேறிடங்களிலும் இருந்தவை. பணம் கொடுத்து மீண்டும் வாங்கத்தக்கவை. சுவடியாகவும் கையெழுத்துப் படியாகவும் அங்கே மட்டும் இருந்தவையோ அன்றோடு போயின. தீயிட்டவர் குற்றம் தீயிட்டவரதே. அதனைக் குறைத்துச் சொல்வது எமது நோக்கமன்று. ஆனால் ஒன்றேயொன்றாக இருந்த பொருள் ஓரிடத்தில் மட்டும் இருந்தது என்பதனையும் திட்டமிடுவோர் மனத்திற் கொள்ளவேண்டும்.

இன்னும் பின்னே போனால், தேவார ஏடுகளின் கதை. திருமுறைகண்ட புராணம் சொல்லுமாறு, மூவர் பாடிய பதிக ஏடுகள் தில்லையிலே ஓர் அறையிற் பூட்டப்பட்டுக் கிடந்தன. பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றித் திறவோம் என்றனர் அங்கிருந்தோர். மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து மன்னன் அறையைத் திறப்பித்தபோது, ஏடுகளிற் பெரும்பகுதியைச் செல்லரித்திருந்தது. எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். பூட்டு வலிதாகத்தான் இருந்தது. செல்லுக்குத் திறவுகோல் தேவைப்படவில்லை. எமது மன்னார்க் கரையிலுள்ள திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தர் பதிகம் ஒன்றும் சுந்தரர் பதிகம் ஒன்றும் அந்த எஞ்சிய பகுதியிலே தப்பிவந்தன. பின்னாளிலே பறங்கியர் பழைய கோயிலை இடித்தபோதும் பதிகங்களுக்கு அழிவு நேரவில்லை. அதற்குள் அவை பல ஊர்களில், பல ஏடுகளில், பல ஓதுவார் நாவில் இருந்தன.

இவையெல்லாம் ஓலையும் தாளும் இருந்த காலத்துக் கதை, இயந்திரத்துக்கு இத்தகைய கேடு இல்லை என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் அதிகாலை, பிரான்சு நாட்டு ஸ்ராஸ்பூர்க் நகரில், ஐரோப்பாவின் பெரிய வழங்கி வாடகை நிறுவனங்களுள் ஒன்றான ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடி இயந்திரக் கட்டடம் தீயில் அழிந்தது. அடுத்திருந்த கட்டடத்திலும் ஒரு பகுதி போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் 36 இலட்சம் இணையத்தளங்கள் முடங்கின என்று கணித்தனர். காப்புப்படி என்று தனியே பணம் கட்டியிருந்த சிலருக்கு அந்தப் படியும் அதே வளவினுள் வைக்கப்பட்டிருந்தது பின்னரே தெரிந்தது.

ஆகவே படிகள் பல வேண்டும். அவை ஒரே தீயில் எரியாத தூரத்தில் இருக்கவேண்டும். இதனை யாரும் ஒப்புக்கொள்வர். இங்கேதான் இளைஞர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்றுண்டு: "நாங்கள் இரண்டு வழங்கிகள் வைத்து, ஒன்றில் உள்ளது மற்றதிலும் உடனுக்குடன் பதியுமாறு செய்துவிடுவோம்." இத்தகைய இரண்டாவது இயந்திரத்தைக் கண்ணாடி என்று கணினியார் அழைக்கின்றனர். அப்பெயரே அதன் குறையையும் காட்டுகின்றது. முகத்திற் கரி பூசிக்கொண்டால் கண்ணாடியிலும் அந்நொடியே கரி தெரியும். முந்திய வருடம் பிடித்த படத்திலோ முகம் தூய்மையாகவே இருக்கும்.

கே.டி.ஈ. என்பது கட்டற்ற மென்பொருள் உலகில் தொன்மையும் பெருமையும் வாய்ந்த ஒரு கூட்டு முயற்சி. 1996ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஒரு மாணவரால் தொடங்கப்பட்டு, உலகெங்கும் உள்ள தன்னார்வலரால் நடத்தப்படுவது. அவர்கள் எழுதிய மென்பொருள் அனைத்தும், தொடக்கந்தொட்டு யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்ற வரலாற்றுடன், ஏறத்தாழ 1,500 களஞ்சியங்களில் இருந்தன. தலைமை வழங்கி ஒன்று; அதனைப் பின்பற்றும் கண்ணாடி வழங்கிகள் வெவ்வேறு நாடுகளிற் சில. ஓரிடத்தில் தீப்பிடித்தால் மற்றையவை உண்டு என்ற துணிவு அவர்களுக்கு இருந்தது. பிழையான துணிவு என்று அப்போது யாரும் சொல்லியிருக்க முடியாது.

2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பாதுகாப்புத் திருத்தம் செய்வதற்காகத் தலைமை இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கினர். இயங்கியபோது வன்தட்டின் உள்ளமைப்புச் சிதைந்திருந்தமை தெரியவந்தது. களஞ்சியங்கள் பல கெட்டிருந்தன. எந்தெந்தக் களஞ்சியங்கள் உள்ளன என்று சொல்லும் பட்டியலும் கெட்டிருந்தது. கண்ணாடி வழங்கிகளோ தமக்கு இடப்பட்ட கட்டளைப்படி தலைமை வழங்கியிடம் பட்டியலை வாங்கிப் பார்த்தன. பட்டியலில் இல்லாதவற்றை, தலைவர் நீக்கிவிட்டார் போலும் என்று கொண்டு, தாமும் நீக்கின. சொன்னதைச் சொன்னபடி செய்யும் வேலைக்காரனால் வரும் கேடு இது. நாடு பலவாயினும் படி உண்மையில் ஒன்றே. தற்செயலாக ஒரேயொரு இயந்திரத்தில் பிழையற்ற படிகள் எஞ்சியிருந்தமையால் பதினேழு ஆண்டு உழைப்பு தப்பிற்று. அவர்கள் இதனை ஒளிக்காது, நடந்ததை நடந்தவாறே எழுதி வெளியிட்டனர். அந்த நேர்மையினாலேதான் மன்னாரிலிருக்கும் நாமும் இன்று அதனை அறிகின்றோம்.

நாலு ஆண்டுகளின் பின்னர், 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், கிற்லாப் என்னும் நிறுவனத்திலே பணியாளர் ஒருவர் இரவு வேலையில் களைத்திருந்தபோது, தவறான இயந்திரத்தில் அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைற் தரவில் 4.5 கிகாபைற் எஞ்சியபோதே கை நின்றது. காப்புக்கென ஐந்து வழிகள் அவர்களிடம் இருந்தன. தேடிப் பார்த்தபோது ஐந்துள் ஒன்றும் நம்பத்தக்கதாக இயங்கியிருக்கவில்லை. ஒரு வழியில் பல நாளாக வெற்றுக் கோப்பே பதிந்துகொண்டிருந்தது. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்னர் அவரே எடுத்துவைத்திருந்த படியொன்று அவர்களைக் காத்தது. இழந்தது அந்த ஆறு மணி நேர வேலை மட்டுமே.

காப்புப்படி எடுத்தோம் என்பதில் யாதும் இல்லை. அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்களா என்பதே வினா. விக்கிப்பீடியாவை நடத்துவோர் இதற்கு ஒரு வழி கண்டனர். 2001ஆம் ஆண்டில் தோன்றியபோதும் அதன்பின் சில ஆண்டுகளும் அக்கலைக்களஞ்சியம் ஒரே இயந்திரத்தில் இயங்கியது. 2004ஆம் ஆண்டிலேதான் பல இயந்திரங்களுக்குப் பரந்தது. இப்போது அதற்கு அமெரிக்காவில் இரு தலைமை நிலையங்கள், ஒன்று வேர்ஜீனியாவில், மற்றது ரெக்சாசில். ஒன்று கெட்டால் மற்றது எழும் என்று எழுதிவைத்துவிட்டு அவர்கள் உறங்குவதில்லை. ஆண்டுக்கு இரு முறை, இரவும் பகலும் ஒத்து வரும் மார்ச்சு, செப்டெம்பர் மாதங்களில், தலைமையை ஓரிடத்திலிருந்து மற்றதற்கு மாற்றி ஆறு மாதம் அங்கிருந்தே நடத்துகின்றனர். ஒன்று காலபோகம், மற்றது சிறுபோகம் என்று உயிலங்குளத்தார் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். மாற்றும்போது எது பிழைக்கின்றது என்பது ஆபத்து வருமுன்னரே தெரிந்துவிடும். இவ்விரண்டன்றிச் சிங்கப்பூர் முதலிய இடங்களிலே சிறு நிலையங்களும் உண்டு. பலர் கேட்கும் பக்கங்களின் படியை அங்கே தேக்கிவைத்து, எம்போல்வார்க்கு அருகிலிருந்து வழங்குகின்றனர். கட்டுக்கரையின் நீர் வாய்க்கால் வழியே நூற்றுக்கு மேற்பட்ட சிறுகுளங்களை நிரப்பி, அக்குளங்களிலிருந்து வயலுக்குப் பாய்வது போலவேதான்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு இயந்திரத்துக்கு வாடகை டொலரில். மாதம் 20 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டு மார்ச் முற்பகுதியில் அது ஏறத்தாழ 4,000 ரூபா. மே மாதத்தில் 7,000 ரூபாவுக்கு மேல். இயந்திரம் அதே இயந்திரம், வேலை அதே வேலை, நாணயம் வீழ்ந்தது. அவ்வாறாயின் ஊரிலேயே ஒரு கணினியை வாங்கி நிறுத்திவிடலாமே என்பர். அதே 2022 மார்ச் 31ஆம் நாள் நாட்டில் 13 மணி நேரம் மின்வெட்டு. ஊர்க் கணினி உறங்கிக் கிடந்திருக்கும். இலவசமாக இடம் தருவோரிடம் போகலாம் என்பது மூன்றாவது யோசனை. ஜியோசிற்றீஸ் என்றொரு இலவசக் குடியிருப்பு முன்பு இருந்தது; தமிழ்ப் பக்கங்களும் அங்கே குடியிருந்தன. 2009ஆம் ஆண்டு ஒக்ரோபரில் உரிமையாளரான யாகூ நிறுவனம் அதனை மூடிற்று. ஆர்வலர் சிலர் விரைந்து அள்ளிச் சேர்த்தமையால் ஒரு பகுதி பிழைத்தது.

எமது கருத்து இது: மூன்றையும் கலந்து கொள்க. விழித்திருக்கும் சிறிய இயந்திரம் வெளிநாட்டில் வாடகைக்கு இருக்கட்டும். ஒரு மாத வாடகையை அன்று, ஓராண்டு வாடகையை எப்போதும் கையிருப்பில் வைத்திருங்கள். மூலப்படியை ஊரில் வையுங்கள். மின்சாரம் நின்றாலும் உறங்கும் வன்தட்டுக்கு நட்டமில்லை. இலவச இடம் கிடைத்தால் மூன்றாவது நாலாவது படிக்கு அதனைப் பயன்படுத்துங்கள். முதற்படியை மட்டும் அங்கே வையாதீர்கள்.

இனி, எல்லாவற்றிலும் கடினமான பகுதி. அது இயந்திரத்தைப் பற்றியதன்று. ஊர்ப் பெயரிலுள்ள உயில் வேறு, மரணசாசனமாகிய உயில் வேறு என்பதை நாம் அறிவோம். ஆயினும் உயிலங்குளத்தாருக்கு எழுதும்போது அச்சொல் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. ஊர் முயற்சிகளிற் பெரும்பாலும் நடப்பது யாது? ஆர்வமுள்ள ஒருவர் தமது பெயரில் இணையப் பெயரைப் பதிவு செய்கின்றார். தமது வங்கி அட்டையாற் கட்டணம் கட்டுகின்றார். கடவுச்சொல் அவர் நினைவில் மட்டும் இருக்கின்றது. அவர் கனடாவுக்குப் போகின்றார். அல்லது மணம் முடித்துக் குழந்தை குட்டியோடு நேரமின்றிப் போகின்றார். அல்லது, சொல்லவும் மனம் வரவில்லை, வீதி விபத்தொன்றில் இறந்துபோகின்றார். அட்டை காலாவதியாகின்றது. நினைவூட்டற் கடிதங்கள் எவரும் திறவாத மின்னஞ்சற் பெட்டிக்குப் போய்ச் சேர்கின்றன. ஒரு நாள் தளம் மறைகின்றது. தில்லையிலே மூவரும் வரவேண்டும் என்றார்கள். இங்கே வரவேண்டியவர் ஒருவரே, அவரும் இல்லை.

குளத்துக்கு வட்டவிதானையார் இருந்தார். துருசு திறக்கும் பொறுப்பு அவரது. அவர் நோய்வாய்ப்பட்டால் யார் திறப்பது என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே இளைஞர்களே, இயந்திரம் எடுப்பதற்கு முன்னர் ஒரு தாளில் எழுதுங்கள்: இணையப் பெயர் யார் பெயரில், எந்த நாளிற் புதுப்பிக்கவேண்டும், கட்டணம் எதிலிருந்து, கடவுச்சொற்கள் எங்கே மூடி முத்திரையிடப்பட்டுள்ளன, அவற்றைத் திறக்கத் தகுதியுடைய மூவர் யாவர், அம்மூவருள் ஒருவர் ஊரைவிட்டுப் போனால் அவ்விடத்துக்கு யார். மூவரும் ஒரே வீட்டாராக இருத்தல் ஆகாது. ஒருவர் பெண்பிள்ளையாக இருத்தல் நன்று; எமது அனுபவத்திற் கணக்கேடுகளை ஒழுங்காக வைப்போர் அவர்களே. தாளின் ஒரு படி சனசமூக நிலையத்து அலுமாரியில் இருக்கட்டும், மற்றது தலைவர் வீட்டிலே.

தாள் எழுதியாயிற்றா? இப்போது வன்தட்டு மூன்று வாங்குங்கள். மூன்றும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கவேண்டாம். ஒருங்கு பிறந்தவை ஒருங்கு கெடுவதும் உண்டு. ஒன்று உயிலங்குளத்தில். ஒன்று வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ நம்பத்தக்க ஒரு வீட்டில். ஒன்று கடல் கடந்து, இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள உறவினரிடம். அவை எப்போதும் கணினியோடு இணைந்திருக்க வேண்டா. இணைந்திருந்தால் அவையும் கண்ணாடியாகிவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் கணினி ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்துத் தரும். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். அவ்வெண்களின் பட்டியலை அச்சிட்டும் வைத்துக்கொள்க. வாசிப்புப்படிகளை நூலகம் தளத்தாருக்கும் கொடுத்துவிட்டால் இன்னொரு சிறுகுளம் நிரம்பும்.

1990ஆம் ஆண்டில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 2009 வரை மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த வயற்கரைக் குடும்பங்களும் எவற்றைக் கையிலெடுத்துச் சென்றனர் என்று கேட்டுப் பாருங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு. பொலித்தீன் பையிற் சுற்றி மடியிற் கட்டியவை. பாடசாலை மலரை எடுத்துச் சென்றவர் மிகச் சிலர். அந்தச் சிலரைத் தேடியே நீங்கள் இப்போது வீடு வீடாகப் போகவேண்டும். அவர்கள் முதுமையுற்றோர். மலரை உங்களிடம் தரும்போது, "தம்பி, திருப்பித் தருவாய்தானே?" என்று கேட்பர். பதிந்து முடிந்த மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூலத்தின் மூலம் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஒத்திகை ஒன்று மீதி. ஆண்டுக்கு இரு முறை, பயிர்ச்செய்கைக் கூட்டம் முடிந்த வாரத்து ஞாயிறன்று கூடுங்கள். வேறொரு கணினியிலே, வன்தட்டுகளுள் ஒன்றை மட்டும் கொண்டு, தளத்தை முதலிலிருந்து எழுப்பிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் எடுத்தது, எது கிடைக்கவில்லை, யாருக்குத் தொலைபேசி எடுக்க நேர்ந்தது என்பவற்றைக் கொப்பியிற் குறியுங்கள். முதன்முறை ஒத்திகையை அம்மென்பொருளைச் செப்பனிட வல்ல அவ்விருவரும் செய்யவேண்டா. அவர்கள் வாங்கில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருக்கட்டும். தாளைப் பார்த்து மற்றையோர் செய்யட்டும்.